சிறையிலும் சிறகு சமைத்த சிற்பி

(விமான மேதை ஆந்திரேய் துபோலெவின் வாழ்க்கை வரலாறு)

ஆகாயத்தில் விமானத்தின் ஓசை கேட்டதும் நாம் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அதில் பயணம் செய்பவர்கள் பாக்கியசாலிகள் என்று எண்ணுகிறோம். அதனை ஓட்டும் விமானியின் துணிவை வியக்கிறோம். ஆனால் அந்த விமானத்தை முதன்முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கோடுகளாக வரைந்தவர் யார் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களை அந்தக் கோடுகள் அல்லவா தாங்கிச் செல்கின்றன!

2019-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், சைபீரியாவில் மீர்னி என்னும் ஊரிலிருந்து ஒரு பழைய ஜெட் விமானம் நோவசிபீர்ஸ்க் நகருக்குப் பறந்து சென்று இறங்கியது. அதன் பெயர் டியு-134. ரஷ்யாவில் அவ்வகை விமானம் செய்த கடைசிப் பயணிச் சேவை அதுவே. ஐம்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல் மக்களைச் சுமந்து சென்ற அந்த விமானத்தின் பெயரில் உள்ள ‘டியு’ என்பது ஒரு மனிதரைக் குறிக்கிறது. அவர்தாம் ஆந்திரேய் நிக்கோலாயெவிச் துபோலெவ். அந்த மாமேதையின் வாழ்க்கையை நாம் இங்கே காண்போம்.

இளமைப் பருவம்

ரஷ்யாவில் த்வேர் மாநிலத்தில் கிம்ரி நகருக்கு அருகே புஸ்தமாசவா என்ற சிற்றூர் உண்டு. அங்கு 1888-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் துபோலெவ் பிறந்தார். தந்தையார் நிக்கோலாய், தாயார் அன்னா. ஏழு குழந்தைகளில் இவர் ஆறாமவர். பெரிய செல்வம் இல்லாத குடும்பம். சிறிது நிலத்தில் பயிர் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

1908-ல் துபோலெவ் மாஸ்கோ தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். மனிதன் வானில் பறக்கத் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கி. காற்று எவ்வாறு இறக்கையைத் தூக்குகிறது என்பதைக் கணக்கால் விளக்கிய பேரறிஞர் அவர். ரஷ்ய விமானவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் மாணவரின் வாழ்க்கையே மாறும் என்பதற்குத் துபோலெவ் ஒரு சான்று. ஷுக்கோவ்ஸ்கி நடத்திய மாணவர் குழுவில் சேர்ந்து, காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைக்க உதவினார். மாதிரி இறக்கையை உள்ளே வைத்துக் காற்றைச் செலுத்தி, அதன் வலிமையை அளக்கும் கருவி அது. 1910-ல் மாணவர்களே கட்டிய இயந்திரமில்லாத கிளைடரில் ஏறித் தாமே பறந்தும் பார்த்தார்.

ஆனால் படிப்பு தடையின்றி நடக்கவில்லை. 1911-ல் மாணவர் கிளர்ச்சி தொடர்பாகக் கைதானார். மாஸ்கோவை விட்டு வெளியேற்றப்பட்டார். அவ்வேளையில் தந்தையும் மறைந்தார். பேனா பிடித்த கை ஏர் பிடித்தது. சில ஆண்டுகள் கழித்தே அவரால் கல்லூரிக்குத் திரும்ப முடிந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1918-ல், பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து மாஸ்கோவில் மத்திய விமானவியல் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினர்.

மரமா, உலோகமா?

அக்காலத்தில் விமானங்களை மரத்தாலும் துணியாலும் செய்தார்கள். ரஷ்யாவிலோ காடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே மரமே போதும் என்று பலர் கருதினர். மரம் மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், எளிதில் தீப்பிடிக்கும் என்பதைத் துபோலெவ் எண்ணிப் பார்த்தார். அலுமினியத்துடன் செம்பு முதலியவற்றைக் கலந்து செய்யும் இலேசான, உறுதியான உலோகமே ஏற்றது என்று வாதிட்டார். 1924-ல் அவர் வடிவமைத்த ஏஎன்டி-2, சோவியத் நாட்டின் முதல் முழு உலோக விமானமாகப் பறந்தது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளே அந்த ‘ஏஎன்டி’.

அதன் பிறகு புகழ் வளர்ந்தது. 1934-ல் எட்டு இயந்திரங்களும் 63 மீட்டர் அகல இறக்கையும் கொண்ட ‘மாக்சிம் கார்க்கி’ என்ற பெரும் விமானத்தைக் கட்டினார். 1937 ஜூன் மாதம், சக்காலவ் என்ற விமானியும் அவருடைய தோழர்கள் இருவரும், துபோலெவின் ஏஎன்டி-25 விமானத்தில் மாஸ்கோவில் புறப்பட்டு, வடதுருவத்தைக் கடந்து, எங்கும் இறங்காமல் அமெரிக்காவின் வான்கூவர் நகரை அடைந்தனர். அறுபத்து மூன்று மணி நேரம், ஒரே ஓர் இயந்திரம், கீழே பனிப் பாலைவனம்! உலகமே வியந்தது.

சிறைவாசம்

அந்த வெற்றிக்கு நான்கு மாதங்கள் கழித்து, 1937 அக்டோபர் 21 அன்று, துபோலெவ் கைது செய்யப்பட்டார். அது ஸ்டாலின் ஆட்சியின் இருண்ட காலம். குற்றமற்ற இலட்சக்கணக்கான மக்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று அவர்மீது பொய்க் குற்றம் சாட்டினர். மனைவி யூலியாவும் கைதானார். மகளுக்கு அப்போது வயது பதினேழு. மகன் அலெக்ஸெய்க்குப் பன்னிரண்டு. தாயும் தந்தையும் இல்லாத வீட்டில் அந்தப் பிள்ளைகளின் நிலை என்னவாயிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் கனக்கிறது.

சிறையில் இருந்த பொறியாளர்களையெல்லாம் ஒன்று திரட்டி, காவலுக்குள் வைத்தே விமானம் வரையச் செய்வது என்று அரசு முடிவு செய்தது. யார் யார் தேவை என்று பெயர்ப் பட்டியல் தரும்படி துபோலெவுக்கு ஆணை வந்தது. அங்கே அவருக்கு ஒரு பெரும் அச்சம் எழுந்தது. வெளியே சுதந்திரமாக இருக்கும் ஒருவரின் பெயரை எழுதிவிட்டால், அவரையும் பிடித்து வந்து அடைத்துவிடுவார்களே! ஆகவே ஏற்கெனவே கைதாகிவிட்டவர்களின் பெயர்களை மட்டுமே தேடி எழுதினார் என்று, அவருடன் சிறையிலிருந்தோர் பின்னாளில் குறித்துள்ளனர். தம் பேனாவின் ஒரு கோடு பிறரை அழிக்கக்கூடும் என்பதை உணர்ந்து எழுதிய பட்டியல் அது. அதேசமயம், அதில் இடம் பெற்றவர்கள் கொடிய தண்டனை முகாம்களிலிருந்து மீண்டு வர அதுவே வழியாயிற்று.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் செர்கெய் கரல்யோவ். கல்லூரியில் துபோலெவின் மேற்பார்வையில் பட்டத் திட்டம் செய்த மாணவர் அவர். சைபீரியாவின் கடுங்குளிரில், கலிமா தங்கச் சுரங்க முகாமில் பற்கள் உதிர்ந்து, உடல் நைந்து கிடந்தவர், 1940-ல் தம் பழைய ஆசிரியரின் வரைபலகைக்கு அருகே வந்து அமர்ந்தார். பிற்காலத்தில் 1957-ல் உலகின் முதல் செயற்கைக் கோளையும், 1961-ல் யூரி ககாரினையும் விண்ணுக்கு அனுப்பிய தலைமை வடிவமைப்பாளர் இவரே. ஷுக்கோவ்ஸ்கி துபோலெவுக்குக் கைகொடுத்தார். துபோலெவ் கரல்யோவுக்குக் கைகொடுத்தார். ஆசிரியர் மாணவர் உறவு எவ்வளவு தொலைவு செல்கிறது, பாருங்கள்!

அந்தச் சிறைக்கூடம் பின்னர் மாஸ்கோவில் துபோலெவின் சொந்த அலுவலகக் கட்டடத்துக்கே மாற்றப்பட்டது. முன்பு தலைவராக நடந்த அறைகளில் இப்போது கைதியாக நடந்தார். சாளரங்களில் இரும்புக் கம்பிகள். காற்று வாங்க மொட்டை மாடியில் ஒரு கூண்டு. அவ்விடத்தில் அவர் வரைந்த விமானம் 1941 ஜனவரியில் பறந்தது. பின்னாளில் டியு-2 என்று பெயர் பெற்று, இரண்டாம் உலகப் போரில் நாட்டைக் காக்க உதவியது. ஹிட்லரின் படைகள் ரஷ்யாவினுள் நுழைந்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில் துபோலெவ் விடுதலையானார். ஆயினும் அவர்மீது சுமத்திய பழி முழுவதும் நீங்கி, குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது 1955 ஏப்ரலில்தான். பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தவாறே அவர் உழைத்தார்.

வாழ்க்கையின் மறுபக்கம்

ஒருவரின் வரலாற்றை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதிவிடுவது எளிது. ஆனால் துபோலெவ் வடிவமைத்தவற்றில் பல, குண்டு வீசும் விமானங்கள். 1961 அக்டோபர் 30 அன்று, உலகில் இதுவரை வெடித்தவற்றுள் மிகப் பெரிய அணுகுண்டை வட கடல் தீவொன்றின்மேல் சோதனைக்காகப் போட்டதும் அவருடைய டியு-95 விமானமே. பறக்கும் அறிவை ஆக்கத்துக்கும் பயன்படுத்தலாம், அழிவுக்கும் பயன்படுத்தலாம். இதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது உண்மை வரலாறு ஆகாது. எனினும் போருக்காகக் கற்ற அறிவை மக்கள் பயணத்துக்குத் திருப்பியவரும் அவரே.

பயணிகளுக்கு ஜெட் விமானம்

பழி நீங்கிய இரண்டே மாதங்களில், 1955 ஜூன் 17 அன்று, அவருடைய முதல் பயணி ஜெட் விமானமான டியு-104 பறந்தது. டியு-16 என்ற குண்டு வீச்சு விமானத்தின் இறக்கைகளையும் இயந்திரங்களையும் கொண்டு அதனை உருவாக்கினார். மறு ஆண்டு மார்ச்சில் அது இலண்டனில் இறங்கியபோது மேனாட்டார் திகைத்தனர். பிரிட்டனின் ‘காமெட்’ விமானங்கள் விபத்துகளால் அப்போது நிறுத்தப்பட்டிருந்தன. 1956 செப்டம்பர் முதல் இரண்டு ஆண்டுகள், உலகில் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரே ஜெட் விமானம் டியு-104 தான்.

ஆனால் அதில் குறைகளும் இருந்தன. 1958 அக்டோபர் 17 அன்று, பெய்ஜிங்கிலிருந்து மாஸ்கோ செல்லும் வழியில், மிக உயரத்தில் வலிய காற்றோட்டம் ஒன்று அவ்விமானத்தைத் தூக்கி எறிந்தது. மூக்கைக் கீழ்நோக்கி அது வீழ்ந்தது. தலைமை விமானி கஸ்னெத்சோவ், தாம் பிழைக்கப் போவதில்லை என்று அறிந்தும், விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தரையை மோதும்வரை வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பது உயிர்கள் மாண்டன. அந்த விமானி இறுதி மூச்சில் அளித்த செய்தியைக் கொண்டுதான் வடிவமைப்பாளர்கள் வாற்பகுதியின் அமைப்பைத் திருத்தினர்; பறக்கும் உயரத்தையும் குறைத்தனர். தம் படைப்பில் பிழை இருந்தது என்பதை ஏற்றுத் திருத்துவது பெருமைக்கு இழுக்கன்று. ஏற்க மறுத்திருந்தால் இன்னும் எத்தனை உயிர்கள் போயிருக்கும்!

டியு-134 பிறந்த கதை

நீண்ட தூரத்துக்கு டியு-104 ஏற்றது. ஆனால் சோவியத் நாட்டில் சிறிய ஊர்கள் பல. அவற்றில் ஓடுபாதைகளும் குறுகியவை. அவற்றுக்காக 1960-ல் டியு-124 என்ற சிறிய ஜெட் விமானம் உருவாயிற்று. 1963 ஆகஸ்ட் 21 அன்று தாலினிலிருந்து மாஸ்கோ புறப்பட்ட டியு-124 ஒன்றின் முன்சக்கரம் பாதியில் சிக்கிக்கொண்டது. லெனின்கிராட் நகரின்மேல் சுற்றிச் சுற்றி வருகையில் இயந்திரங்களும் நின்றுவிட்டன. கீழே வீடுகளும் பாலங்களும்! விமானி மஸ்தவோய் நேவா நதியின் நீர்ப்பரப்பில் விமானத்தை மெல்ல இறக்கினார். இழுவைப் படகு ஒன்று வந்து அதனைக் கரைக்கு இழுத்தது. அதிலிருந்த 52 பேரும் உயிர் பிழைத்தனர்.

நம் இந்திய விமானப் படையிலும் டியு-124 விமானங்கள் இருந்தன. நாட்டின் தலைவர்கள் அவற்றில் பயணம் செய்தனர். 1977 நவம்பர் 4 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் சென்ற ‘புஷ்பக்’ என்ற விமானம் அசாமில் ஜோர்ஹாட் அருகே இரவில் வயலில் வீழ்ந்தது. முன்பகுதியில் இருந்த விமானப் படை வீரர்கள் ஐவர் உயிர் நீத்தனர். பிரதமர் உயிர் தப்பினார். அந்த ஐவரின் தியாகத்தை நாம் மறத்தலாகாது.

டியு-124 விமானத்தில் இயந்திரங்கள் இறக்கையின் அடியில், உடலை ஒட்டி இருந்தன. அதனால் உள்ளே அமர்ந்திருப்போருக்கு இரைச்சல் மிகுதி. 1960-ல் பிரான்சுக்குச் சென்ற சோவியத் தலைவர் குருஷ்சேவ், அங்கே ‘காரவெல்’ என்ற விமானத்தில் பறந்தார். அதன் இயந்திரங்கள் வாலருகே இருந்ததால் உள்ளே அமைதி நிலவியது. அதுபோல் நமக்கும் வேண்டும் என்று துபோலெவிடம் கேட்டுக்கொண்டார். அவ்வாறு உருவானதே டியு-134. லியனீத் செல்யாக்கோவ் அதன் தலைமை வடிவமைப்பாளராக இருந்தார். 1963 ஜூலை 29 அன்று அது முதன்முதலாகப் பறந்தது.

இயந்திரங்கள் இரண்டும் உடலின் பின்புறம் இருபக்கமும் பொருத்தப்பட்டன. அவற்றின் புகைவீச்சு படாமலிருக்க வாலின் கிடைச்சிறகு உச்சிக்கு உயர்த்தப்பட்டது. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கைகளின் பின்னே கலங்கும் காற்று, உயரத்திலுள்ள அந்தச் சிறகை மூடிவிடும். அப்போது விமானியால் மூக்கைக் கீழே இறக்க இயலாது. அவ்வாண்டு அக்டோபரில் பிரிட்டனில் இதே வால் அமைப்புக் கொண்ட வேறொரு விமானம் இக்காரணத்தால் வீழ்ந்தது. துபோலெவின் குழுவினர் அது அயல்நாட்டுச் செய்தி என்று தள்ளிவிடவில்லை. தம் விமானத்தின் கிடைச்சிறகை முன்னைவிட முப்பது விழுக்காடு பெரிதாக்கினர். 1966 ஜனவரியில் சோதனைப் பறப்பின்போது ஒரு டியு-134 வீழ்ந்து, அதிலிருந்த சோதனையாளர்கள் மாண்டனர். நாம் இன்று அச்சமின்றி விமானத்தில் ஏறுவதற்குப் பின்னால் இத்தகைய எத்தனையோ பேரின் உயிர்த் தியாகம் இருக்கிறது.

1967 செப்டம்பரில் டியு-134 பயணிச் சேவைக்கு வந்தது. தொடக்கத்தில் 72 பேர் அமரலாம். மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகம். மூக்கின் நுனியில் கண்ணாடி அறை ஒன்று; அதில் வழி காட்டும் அலுவலர் அமர்ந்து கீழே நிலத்தைப் பார்ப்பார். முதல் விமானங்களில், இறங்கியதும் வேகத்தைக் குறைக்க வாலிலிருந்து ஒரு குடை விரியும். உக்ரைனில் உள்ள கார்கிவ் தொழிற்சாலையில் 850-க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. கிழக்கு ஜெர்மனி, போலந்து, ஹங்கேரி, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா முதலிய நாடுகளும் அவற்றை வாங்கின. விடுமுறைக்குக் கருங்கடற்கரை செல்லும் தொழிலாளர்களும், பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லும் பாட்டிமார்களும் அதில் பறந்தனர். முன்பு இரயிலில் நாள் கணக்கில் சென்ற வழி, சில மணி நேரமாகச் சுருங்கியது.

அதற்கும் துயர நாட்கள் உண்டு. 1979 ஆகஸ்ட் 11 அன்று உக்ரைன் வானில் இரண்டு டியு-134 விமானங்கள் மோதி 178 பேர் மாண்டனர். 1986-ல் மொசாம்பிக் அதிபர் சமோரா மாஷேல் அவ்வகை விமானத்தில் வந்தபோது மலைப்பகுதியில் மோதி இறந்தார். 2011-ல் பெத்ரஸவோத்ஸ்க் நகரருகே மூடுபனியில் ஒன்று வீழ்ந்து 47 பேர் இறந்தனர். மேலும் அதன் இயந்திரங்கள் எரிபொருளை மிகுதியாகக் குடித்தன. உள்ளே அமைதியாக இருந்தாலும் வெளியே பேரிரைச்சல் எழுப்பின. ஆகவே 2002-ல் ஐரோப்பிய விமான நிலையங்கள் பலவற்றில் அதற்குத் தடை வந்தது. காலத்துக்கேற்ப ஓய்வு பெறுவது இயந்திரத்துக்கும் இயல்புதானே!

இறுதிக் காலம்

மனைவி யூலியா 1962-ல் மறைந்தார். மகன் அலெக்ஸெய் தந்தையின் வழியில் விமான வடிவமைப்பாளர் ஆனார். ஒலியைவிட வேகமாகச் செல்லும் உலகின் முதல் பயணி விமானமான டியு-144, அவருடைய பொறுப்பில் 1968 டிசம்பர் 31 அன்று பறந்தது. தாய் தந்தையரைச் சிறைக்குப் பறிகொடுத்துத் தவித்த அதே பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவர்! எண்பது வயதுத் தந்தைக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன?

மூன்று முறை சோவியத் நாட்டின் ‘சோஷலிச உழைப்பு வீரர்’ பட்டம் பெற்ற துபோலெவ், 1972 டிசம்பர் 23 அன்று மாஸ்கோவில் காலமானார். புகழ் பெற்ற நவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2019 மே மாதக் கடைசியில் மாஸ்கோவின் வ்னூக்கவா விமான நிலையத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அதே மாதத்தில்தான் டியு-134 ரஷ்யாவில் தன் கடைசிப் பயணிச் சேவையை முடித்தது.

நாம் பெறும் பாடம்

பிழை திருத்தம் எழுதி வரும்படி ஆசிரியை நோட்டைத் திருப்பித் தரும்போது நமக்கு முகம் வாடுகிறது. சிவப்பு மை கண்டால் கோபம் வருகிறது. ஆனால் துபோலெவின் விமானங்கள் ஒவ்வொன்றும் முந்தியதன் பிழை திருத்தமே. டியு-104 இன் குறைகளை டியு-124 திருத்தியது. அதன் குறைகளை டியு-134 திருத்தியது.

சிறையில் அவர் மனம் கசந்து, ஏனோதானோவென்று வரைந்திருந்தால் எவரும் அவரைக் குறை கூற முடியாது. அநீதி செய்தவர்களுக்கு ஏன் நன்றாக உழைக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் விமானத்தில் ஏறப் போவது அவரைச் சிறையில் அடைத்தவர்கள் மட்டுமல்லவே! யாரோ ஒரு தாய், யாரோ ஒரு குழந்தை, யாரோ ஓர் இளம் விமானி. முகமறியாத அவர்களுக்காக ஒவ்வொரு கோட்டையும் கவனமாக வரைந்தார். அநீதியை நாம் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் பிறர் நமக்குச் செய்த தீங்கு, நாம் மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய நன்மையைக் கெடுத்துவிடவும் கூடாது.

நம்மில் சிலர் நாளை மருத்துவர் ஆகலாம். சிலர் செவிலியர், ஆசிரியை, பொறியாளர் ஆகலாம். சிலர் இல்லத்தை நடத்தலாம். எப்பணியாயினும் நம் கையின் கவனத்தை நம்பி, நாம் அறியாத யாரோ ஒருவர் இருப்பார். இனி ஆகாயத்தில் விமான ஓசை கேட்கும்போது, அதில் செல்பவர்களோடு, இரும்புக் கம்பிச் சாளரத்தின் அருகே குனிந்து வரைந்துகொண்டிருந்த அந்த மனிதரையும் நாம் நினைவுகூர்வோமாக.

— பத்தாம் வகுப்பு மாணவி